ரோத்சைல்ட்: ஒரு கதவுப் பலகை குடும்பப்பேரா மாறின கதை

ரோத்சைல்ட்னு பேரை எடுத்தாலே போதும், நம்ம வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் உலகத்தையே ஆட்டிப்படைக்கிற குடும்பம்னு ஆரம்பிச்சுடுவாங்க, கூடவே "இவங்க உண்மையான பேரு பாவர், வாசல்ல ஒரு சிவப்புக் கேடயத்தை மாட்டிட்டு பேரை மாத்திக்கிட்டாங்க"ன்னு ஒரு வரியும் ஒட்டிக்கிட்டு வரும். நான் இங்க எழுதப்போறது அந்தக் கடைசி வரியைப் பத்தி மட்டும்தான். பேங்க், பணம், சதி இதெல்லாம் வேற யாராவது எழுதிக்கட்டும். இந்தப் பேரு எங்க பொறந்துச்சு, யார் யாருக்கு ஒட்டுச்சு, எப்படி ஊர் ஊரா போச்சு, இதான் கேஸ். ஒரு ஜெர்மன் குடும்பப்பேரு உருவாகிப் பரவுறதை ஒவ்வொரு படியா ஆவணத்தோட பார்க்கிற வாய்ப்பு ரொம்ப அபூர்வமாத்தான் கிடைக்கும், அதுவும் ஒரே ஒரு தெருவுக்குள்ள.

அந்தத் தெரு ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்த யூடன்காஸே, அதாவது யூதர் தெரு. 1462-ல நகர சபை, ஊருக்குள்ள அங்கங்க குடியிருந்த யூதர்களையெல்லாம் கிளப்பி, பழைய மதிலுக்கு வெளிய ஒரு ஒடுங்கின சந்துல கொண்டுபோய் வச்சுது. நீளம் சுமார் 330 மீட்டர், அகலம் மூணு நாலு மீட்டர் இருந்தா பெரிசு, கொஞ்சம் வளைஞ்ச தெரு, மூணு வாசல், ராத்திரியும் ஞாயித்துக்கிழமையும் கிறிஸ்தவப் பண்டிகை நாள்லயும் வாசலைப் பூட்டிடுவாங்க. ஆரம்பத்துல நூத்திச் சொச்சம் பேர்தான் இருந்தாங்க. 1600-கள் தொடக்கத்துல பார்த்தா அதே இடத்துல கிட்டத்தட்ட 3,000 பேர், 200-க்கும் கொஞ்சம் குறைவான வீடுகள். தெருவை நீட்ட அனுமதி கிடையாது, அதனால இருந்த வீட்டையே ரெண்டா மூணா பிரிச்சாங்க, பின்பக்கம் இன்னொரு வரிசை கட்டினாங்க, மேல மேல மாடி ஏத்தினாங்க.

அந்தக் காலத்துல கதவு நம்பர்லாம் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேரு, வாசல்ல அதுக்கேத்த ஒரு சின்னம். இப்ப அங்க இருக்கிற மியூசியத்துல அஞ்சு வீட்டோட அஸ்திவாரத்தை அப்படியே காட்சிக்கு வச்சிருக்காங்க, அந்த வீடுகளோட பேரைக் கேளுங்க: கல்வீடு, வெந்நீர்க் குளியல், வல்லூறு, சிவப்பு ஆட்டுக்கடா, வெள்ளை ஆட்டுக்கடா. வீட்டைப் பிரிச்சா பேரையும் பிரிப்பாங்க, வாணலின்னு ஒரு வீடு இருந்தா அதுக்குப் பின்னாடி எழும்பின வீடு பின்வாணலி, ஜெர்மன்ல ஹின்டர்ஃபான். இந்த ஹின்டர்ஃபானை ஞாபகம் வச்சுக்கோங்க, கேஸே அங்கதான் திரும்புது.

யூதர்கள்கிட்ட அப்ப குடும்பப்பேருன்னு ஒண்ணு கட்டாயமா இருக்கணும்னு இல்ல, அப்பா பேரைச் சேர்த்துச் சொல்றதுதான் வழக்கம். மேயர் ஆம்ஷெல்னா ஆம்ஷெல் மகன் மேயர். தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம், பாஸ்போர்ட் ஃபார்ம்ல சர்நேம் கட்டத்தைப் பார்த்து முழிச்ச இனம் நாம. ஆனா 330 மீட்டர் சந்துல ஐசக்குகளும் மேயர்களும் நூத்துக்கணக்குல குமிஞ்சா அப்பா பேரும் பத்தாது. அப்ப "காரைவீட்டு முருகேசன்", "கிணத்தடி வீட்டு முருகேசன்"னு நம்ம ஊர்ல அடையாளம் சொல்ற மாதிரி அங்கயும் வீட்டுப்பேரு ஆளோட பேருக்குப் பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு. பாட்டன்ஷ்ட்ராஸேல இருக்கிற பழைய யூதக் கல்லறைத் தோட்டத்துல நிறைய கல்லுல எழுத்தோட சேர்த்து அந்த வீட்டுச் சின்னத்தையும் செதுக்கியிருக்காங்க, செத்தவர் எந்த வீட்டு ஆள்னு படிக்கத் தெரியாதவனும் கண்டுபிடிச்சிடலாம். கப்பல் வீட்டுக்காரங்க ஷிஃப் ஆனாங்க, சேவல் வீட்டுக்காரங்க ஹான் ஆனாங்க, நெருப்புக்கோழி வீட்டுக்காரங்க ஷ்ட்ராவ்ஸ் ஆனாங்க. கருப்புக் கேடயம் வீட்டுக்காரங்க ஷ்வார்ட்ஸ்ஷில்ட். கருந்துளைக்கு ஷ்வார்ட்ஸ்ஷில்ட் ஆரம்னு ஃபிசிக்ஸ்ல படிக்கிறோமே, அந்த கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்ட் 1873-ல ஃப்ராங்க்ஃபர்ட்ல பொறந்தவர், அவர் பேரும் இதே தெருவுல இருந்து வந்ததுதான். ஒரு கேடயம் பேங்குக்குப் போச்சு, இன்னொரு கேடயம் கருந்துளைக்குள்ள போச்சு.

இப்ப நம்ம கேடயத்துக்கு வருவோம். 1560-கள்ல ஐசக், எல்கானன் மகன், தெருவோட தெக்குப் பக்கம் ஒரு வீடு கட்டினார். பேரு ட்ஸும் ரோட்டன் ஷில்ட், சிவப்புக் கேடயம். அவர் வாரிசுகளுக்கு அந்தப் பேரு ஒட்டுச்சு. ஜெர்மன்காரங்க உச்சரிப்புல ரோட்ஷில்ட், இங்கிலீஷ்காரங்க வாயில போய் ரோத்சைல்ட். அந்த இங்கிலீஷ் உச்சரிப்பைக் கேட்டு சைல்டுன்னா குழந்தைன்னு நினைச்சுக்கிட்டு விளக்கம் எழுதுறவங்களும் இருக்காங்க, அவங்களை விட்டுடுவோம்.

1664-ல அந்த வம்சத்துல வந்த நஃப்தாலி ஹெர்ட்ஸ் சிவப்புக் கேடயத்தைக் காலி பண்ணிட்டு ஹின்டர்ஃபானுக்குக் குடி போனார். பழைய கணக்குப்படி வீடு மாறினா பேரும் மாறணும். அந்தத் தெருவுல முன்னாடி அப்படித்தான் நடந்துச்சு, ஒரே ஆளுக்கு வாழ்க்கையில ரெண்டு வீட்டுப்பேரு இருந்ததுண்டு. இவங்க இனிமே ஃபான் ஆகியிருக்கணும், இல்ல வேற ஏதாவது. நடுவுல பாவர்ங்கிற அடையாளமும் இவங்களுக்குப் புழங்கிச்சு, கொஞ்ச நாள் போயிருந்தா அதுவே கூட நிலைச்சிருக்கலாம். ஆனா நிலைச்சது ரோத்சைல்ட். ஆக பாவர்ங்கிறது "மறைச்சு வச்ச உண்மையான பேரு" கிடையாது, போட்டியில தோத்துப்போன ஒரு பேரு, அவ்ளோதான்.

ஏன் இந்தப் பேரு வீட்டை விட்டு வந்தும் போகலன்னு கேட்டா, எனக்குத் தோணுறது இதான்: நூறு வருஷம் சமூகக் கணக்குப் புத்தகத்துலயும் வரிப் பட்டியல்லயும் கல்லறைக் கல்லுலயும் ஒரே பேரு திரும்பத் திரும்ப எழுதப்பட்டா, அது முகவரியா இருந்தது போய் ஆளைக் கண்டுபிடிக்கிற குறியா மாறிடும். வியாபாரம் பண்ற ஆளுக்கு இது இன்னும் முக்கியம், ஏற்கனவே கடன் வாங்கி ஒழுங்காத் திருப்பிக் கொடுத்த பேரை வீடு மாறினதுக்காக எவனும் தூக்கிப் போட மாட்டான். 1600-கள்ல இந்தத் தெரு முழுக்கவே வீட்டுப்பேருகள் இறுகிக்கிட்டு வந்துச்சு, ரோத்சைல்ட் அதுல ஒண்ணு. யாரும் ஒருநாள் உட்கார்ந்து முடிவு பண்ணல.

இன்னொரு பக்கமும் இருக்கு, பலர் இதை விட்டுடுறாங்க. ஒரே வீட்டைப் பிரிச்சுக்கிட்டு ரெண்டு மூணு குடும்பம் இருந்த தெரு இது, அதனால ரத்த சம்பந்தமே இல்லாத குடும்பங்களுக்கு ஒரே வீட்டுப்பேரு ஒட்டுறது அங்க சாதாரணம். 1907-ல அலெக்சாண்டர் டீட்ஸ்னு ஒரு ஃப்ராங்க்ஃபர்ட் வரலாற்றாளர் இந்தத் தெருக் குடும்பங்களோட வம்சாவளியையெல்லாம் ஆவணத்துல இருந்து எடுத்துத் தொகுத்து வெளியிட்டார், வீட்டையும் குடும்பத்தையும் பொருத்திப் பார்க்கிற இந்த வேலை முறை அதுக்கப்புறம் ஆராய்ச்சி பண்றவங்களுக்குப் பழகிப்போச்சு. ஜெர்மனியிலயும் அமெரிக்காவுலயும் ரோத்சைல்ட்னு பேரு வச்சிருக்கிறவங்க எக்கச்சக்கம், அதுல பேங்க் குடும்பத்தோட ஒட்டோ உறவோ இல்லாதவங்கதான் மிச்ச பேர்.

சரி, பேங்க் ஆரம்பிச்ச ஆளு மேயர் ஆம்ஷெல் ரோத்சைல்ட். 1744 பிப்ரவரி 23, பொறந்தது ஹின்டர்ஃபான் வீட்ல. 12 வயசு முடியுறதுக்குள்ள அப்பாவும் அம்மாவும் போயிட்டாங்க. ஹானோவர்ல ஓப்பன்ஹைம் குடும்பத்துக் கடையில வேலை பழகிட்டு ஊருக்குத் திரும்பி வந்து பழைய நாணயம், பதக்கம் வாங்கி விக்க ஆரம்பிச்சார், நாணயம் சேர்க்கிற பைத்தியம் பிடிச்ச ஹெஸ்ஸே இளவரசர் வில்ஹெல்ம் வாடிக்கையாளர் ஆனார், 1769-ல அரண்மனை வியாபாரின்னு பட்டம், வாசல்ல ராஜ முத்திரை போட்ட பலகை. 1770-ல குட்லே ஷ்னாப்பரோட கல்யாணம், 19 பிள்ளைங்க பொறந்து 10 பேர் பொழைச்சாங்க, அஞ்சு பொண்ணு அஞ்சு ஆண்.

1780-கள்ல கையில காசு வந்ததும் பெரிய வீட்டுக்கு மாறினார். அந்த வீட்டோட பேரு க்ரூனஸ் ஷில்ட், பச்சைக் கேடயம். இதைக் கொஞ்சம் நிதானமாப் பாருங்க. ஃபார்வர்ட் சொல்ற ஆளு சிவப்புக் கேடயத்தை வாசல்ல மாட்டினதா கதை, நிஜத்துல அவர் பொறந்தது பின்வாணலியில, சம்பாதிச்சு வாழ்ந்து செத்தது பச்சைக் கேடயத்துல, சிவப்புக் கேடயம் வீட்டை அவர் வம்சம் விட்டு வந்து அவர் பொறக்கும்போதே 80 வருஷம் ஆயிடுச்சு. தெரு வழக்கப்படி பார்த்தா அவர் க்ரூன்ஷில்ட்னு ஆகியிருக்கணும்! அந்தப் பச்சைக் கேடயம் ஒரு ஜோடி வீடு, அடுத்த பாதியோட பேரு கப்பல், அங்கதான் ஷிஃப் குடும்பம். பின்னாடி நியூயார்க் போய் பெரிய பேங்கர் ஆன ஜேகப் ஷிஃப் அந்தக் குடும்பத்து ஆளு. ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு பேங்கர் வம்சம்னா சதிக் கதை எழுதுறவனுக்குத் தீபாவளிதான், ஆனா ஆயிரக்கணக்கான பேரை ஒரு சந்துல அடைச்சு, நிலம் வாங்கக் கூடாது, பெரும்பாலான தொழில் சங்கத்துல சேரக் கூடாது, வட்டித் தொழிலும் சில்லறை வியாபாரமும்தான் உனக்குன்னு முன்னூறு வருஷம் வச்சிருந்தா பக்கத்து வீட்டுக்காரன் வேற என்ன தொழில் பண்ணுவான்.

அரசாங்கம் பேரு விஷயத்துல கைவச்சது இதுக்கப்புறம்தான். ஆஸ்திரியாவுல ரெண்டாம் ஜோசப் 1787-ல, நெப்போலியன் 1808-ல, ப்ரஷ்யா 1812-ல, யூதர்கள் எல்லாரும் நிரந்தரக் குடும்பப்பேரு வச்சே ஆகணும்னு உத்தரவு போட்டாங்க. பல ஊர்ல ஆபீஸ் வாசல்ல வரிசையில நின்னு அன்னிக்கே ஒரு பேரைப் பதிஞ்சுட்டு வந்த குடும்பங்கள் உண்டு. ஃப்ராங்க்ஃபர்ட் தெருக்காரங்களுக்கு அந்தச் சிரமம் இல்ல, அவங்க பேரு ரெண்டு நூறு வருஷமாப் புழக்கத்துல இருந்துச்சு. 1810-ல மேயர் ஆம்ஷெல் பிள்ளைங்களைப் பங்காளியாச் சேர்த்து "மேயர் ஆம்ஷெல் ரோத்சைல்ட் அண்ட் சன்ஸ்"னு கம்பெனியை எழுதினார், பேரு அதோட ஒரு பிராண்டும் ஆயிடுச்சு. 1812 செப்டம்பர்ல அவர் காலமானார். உயில்ல ஒரு கறார் விதி: பொண்ணுங்களுக்கும் மாப்பிள்ளைங்களுக்கும் தொழில்ல பங்கு கிடையாது, கணக்குப் புத்தகத்தைத் தொடவும் உரிமை இல்ல. குடும்பத்து ஆம்பளைங்க மட்டும். இந்த ஒரு விதிதான் பேரோட பிற்காலத்தையே தீர்மானிச்சுதுன்னு நான் நினைக்கிறேன்.

பரவல் எப்படி நடந்துச்சுன்னா, நாதன் 1790-கள் கடைசியில மான்செஸ்டருக்குத் துணி வியாபாரத்துக்குப் போய், அப்புறம் லண்டன்ல செயின்ட் ஸ்விதின்ஸ் லேன்ல உட்கார்ந்தார். கடைக்குட்டி யாக்கோப் பாரிஸ் போனதும் ஜேம்ஸ் ஆனார். ஸாலமன் வியன்னா. கால்மான், நேப்பிள்ஸ் போனவர், கார்ல் ஆனார். மூத்தவர் ஆம்ஷெல் ஃப்ராங்க்ஃபர்ட்லயே இருந்தார். கவனிச்சீங்கன்னா முதல் பேரையெல்லாம் போற ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டாங்க, கடைசிப் பேர்ல ஒரு எழுத்தைக்கூடத் தொடல. அதே காலத்துல ஜெர்மனியில இருந்து அமெரிக்கா போன எத்தனையோ குடும்பங்களோட பேரு அடையாளமே தெரியாம மாறிப்போச்சு, ம்யூல்லர் மில்லர் ஆச்சு, ஷ்மிட் ஸ்மித் ஆச்சு, ஐசன்ஹாவர் குடும்பத்துக்கே நடு எழுத்து மாறிப்போச்சு. இவங்களுக்கு மாறாததுக்குக் காரணம் எளிமையானது, லண்டன்ல எழுதின உண்டியலை (இன்னாருக்குப் பணம் கொடுன்னு எழுதித் தர்ற சீட்டு) வியன்னாவுல பணமாக்கணும்னா ரெண்டு இடத்துலயும் கையெழுத்துல அதே பேரு இருக்கணும்.

பேருக்கு முன்னாடி ஒட்டு மட்டும் ஏறிச்சு. 1816-ல ஆஸ்திரியப் பேரரசர் பிரபுத்துவம் கொடுத்தார், 1822-ல எல்லா சகோதரர்களுக்கும் பாரன் பட்டம். ஜெர்மன் பேசுற பக்கம் வான் ரோத்சைல்ட், பாரிஸ்லயும் லண்டன்லயும் டி ரோத்சைல்ட். குடும்பச் சின்னத்துக்கு இவங்க கேட்ட சிங்கம், கிரீடம் வகையறாவுல ஆபீஸருங்க நிறைய வெட்டிட்டாங்க, கடைசியில கிடைச்சதுல அஞ்சு அம்பைப் பிடிச்ச கை இருக்கு, நடுவுல சின்னதா ஒரு சிவப்புக் கேடயம் இருக்கு. பழைய வீட்டு வாசல் சின்னம் ராஜ முத்திரைக்குள்ள ஏறினது இப்படித்தான். 1919-ல ஆஸ்திரியா குடியரசு ஆனதும் வான் எல்லாத்தையும் சட்டம் போட்டு வெட்டுச்சு, வியன்னாக்காரங்க வெறும் ரோத்சைல்ட் ஆனாங்க.

இதெல்லாம் நடக்கும்போது அம்மா குட்லே அந்த யூதர் தெரு வீட்டை விட்டு நகரவே இல்ல. பிள்ளைங்க அஞ்சு ஊர்ல மாளிகை கட்டினாங்க, இந்தம்மா பச்சைக் கேடயத்துலயே இருந்து 1849-ல 95 வயசுல அங்கயே காலமானாங்க. பின்னாடி 1870-கள் 80-கள்ல தெருவையே இடிச்சப்பவும் அந்த ஒரு வீட்டை மட்டும் நினைவிடமா விட்டு வச்சாங்க, அது 1944 குண்டு வீச்சுலதான் போச்சு.

உயில் விதிக்கு வருவோம். பொண்ணுக்குப் பங்கு இல்லன்னா பொண்ணோட சீர் வெளிய போகும், அதைத் தடுக்க ஒரே வழி சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கொடுக்கிறது. 1824-ல ஜேம்ஸ் தன் அண்ணன் ஸாலமன் பொண்ணு பெட்டியையே கட்டிக்கிட்டார், அப்போதுல இருந்து 1877 வரைக்கும் நடந்த 21 கல்யாணத்துல 15 மேயர் ஆம்ஷெலோட நேரடி வாரிசுகளுக்குள்ளயே. பேரைப் பொறுத்த வரைக்கும் இதுக்கு ஒரு விசித்திரமான விளைவு, ரோத்சைல்ட் பொண்ணு கல்யாணம் ஆனாலும் ரோத்சைல்டாவே இருந்தா. ஆனா ஆண் வாரிசு இல்லாத கிளை அப்படியே மூடிக்கிச்சு. நேப்பிள்ஸ் 1863-லயே இத்தாலி ஒண்ணானதால மூடிடுச்சு, அது வேற. ஃப்ராங்க்ஃபர்ட் தாய் வீடே 1901-ல வில்ஹெல்ம் கார்ல் மகன் இல்லாம செத்ததும் முடிஞ்சுது, பேரு பொறந்த ஊர்லயே பேங்க் இல்லாமப் போச்சு. அவர் மகளைக் கட்டின மாக்ஸிமிலியான் கோல்ட்ஷ்மிட் அரசு அனுமதியோட கோல்ட்ஷ்மிட்-ரோத்சைல்ட்னு வச்சுக்கிட்டார்.

குடும்பத்தைத் தாண்டி வேற பொருளுக்கும் ஊருக்கும் போய் ஒட்டின ரோத்சைல்ட் பேருகள் தனி ரகம். வால்டர் ரோத்சைல்ட் லண்டன்ல வரிக்குதிரை பூட்டி வண்டி ஓட்டின ஆளு, பேங்க்ல மனசே ஒட்டாம விலங்கியல்ல இறங்கி ட்ரிங்ல மியூசியம் வச்சார், ரோத்சைல்ட் ஒட்டகச்சிவிங்கியும், பாலித் தீவு வெள்ளை மைனாவோட அறிவியல் பேர்ல வர்ற ரோத்சைல்டியும் அவரால வந்தது. அவர் தம்பி சார்ல்ஸுக்குத் தெள்ளுப்பூச்சி மேல பைத்தியம். நம்ம நாட்டுல பம்பாய்ல ஆரம்பிச்சு ஊர் ஊரா பிளேக்கைப் பரப்பின அந்த எலித் தெள்ளு, ஸெனோப்ஸில்லா கியாப்பிஸ், அதை முதல்ல விவரிச்சுப் பேரு வச்சது இவர்தான், 1903-ல, அதனால இன்னிக்கும் அந்தப் பூச்சியோட முழு அறிவியல் பேரை எழுதினா அடைப்புக்குறிக்குள்ள ரோத்சைல்ட்னு வரும். பிரான்ஸ்ல போர்தோ ஒயின் தோட்டங்கள்ல மூத்தோனை 1853-லயும் லஃபீத்தை 1868-லயும் குடும்பம் வாங்குச்சு. டெல் அவீவ்ல ஒரு அகலமான சாலை. இஸ்ரேல்ல ஸிக்ரோன் யாக்கோவ்னு ஒரு ஊரு, அதுல வர்ற யாக்கோவ் வேற யாரும் இல்ல, பாரிஸ்ல ஜேம்ஸா மாறின அதே கடைக்குட்டி யாக்கோப், மகன் எட்மண்ட் அப்பாவோட பழைய பேரை வச்சுட்டார்.

இப்பச் சொல்லப்போறதுதான் இந்தக் கேஸ்ல எனக்கு ரொம்பக் கனமான பகுதி. பேரு எவ்ளோ பரவுச்சோ அவ்ளோ தூரம் வெறுப்பும் அதைப் பிடிச்சுக்கிட்டே போச்சு. நாதன் வாட்டர்லூ போர்க்களத்துல நேர்ல நின்னு பார்த்துட்டு லண்டனுக்கு ஓடிவந்து பங்குச் சந்தையில கோடி சுருட்டினார்னு ஒரு கதை இருக்கே, அது 1846-ல பாரிஸ்ல சாத்தான்ங்கிற புனைபேர்ல வந்த ஒரு வசைத் துண்டுப் புத்தகத்துல இருந்து கிளம்பினது, அவர் வாட்டர்லூ பக்கமே போகல. நாஜிகள் 1940-ல அதே கதையைப் பிரச்சாரப் படமாவே எடுத்தாங்க. நம்ம ஃபார்வர்டு எந்தச் சாக்கடை வழியா வருதுன்னு இதுல தெரிஞ்சுக்கலாம்.

1938 மார்ச்ல வியன்னாவுல நாஜிகள் லூயி ரோத்சைல்டைப் பிடிச்சு ஒரு வருஷத்துக்கு மேல அடைச்சு வச்சாங்க, சொத்தையெல்லாம் எழுதி வாங்கிட்டுத்தான் விட்டாங்க. பாரிஸ்ல ஃபிலிப் டி ரோத்சைல்டோட மனைவி எலிசபெத், பிறப்பால யூதரே இல்லாத பிரெஞ்சு கத்தோலிக்கக் குடும்பத்துப் பொண்ணு, நாஜி ரகசியப் போலீஸ் கெஸ்டபோ பிடிச்சுட்டுப் போய் 1945-ல ராவன்ஸ்ப்ரூக் முகாம்ல இறந்தாங்க, கல்யாணத்துல வந்த பேருதான் அவங்களுக்கும் யூத வம்சத்துக்கும் இருந்த தொடர்பு. பணம் இருந்த ரோத்சைல்டுகள்ல முக்கால்வாசிப் பேர் எப்படியோ தப்பிச்சாங்க. பேரு மட்டும் இருந்து பணம் இல்லாத ரோத்சைல்டுகளுக்கு, அந்தச் சின்ன ஊர் மாட்டு வியாபாரி, துணிக்கடைக்காரர், டீச்சர், அவங்களுக்கு எங்கிருந்து வழி கிடைக்கும். ஃப்ராங்க்ஃபர்ட்ல அந்தப் பழைய கல்லறைத் தோட்டத்து மதில் மேல 1996-ல இருந்து 11,000-க்கு மேல சின்னச் சின்ன இரும்புக் கட்டைகள் பதிச்சிருக்காங்க, கொல்லப்பட்ட ஊர் யூதர்கள் ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு, அதுல ரோத்சைல்ட்னு எழுதின கட்டைகளும் இருக்கு. மதிலுக்கு உள்பக்கம் பேங்க் ஆரம்பிச்ச மேயர் ஆம்ஷெலோட கல்லறை. பேரு ஒண்ணுதானே, எல்லாம் ஒரே கூட்டம்தானேன்னு இன்னிக்கும் எழுதுறவங்களை எனக்குப் பொறுத்துக்க முடியாததுக்கு அந்த மதில்தான் காரணம்.

ஒரு ரோத்சைல்டை வம்சாவளியில பார்த்தா ஆராய்ச்சிக்காரங்க முதல்ல கேக்கிறது எந்த வருஷம், எந்த வீடு, எந்த ஊர்ப் பதிவேடுங்கிற மூணு கேள்விதான். 1664-க்கு முன்னாடியா பின்னாடியா, ஹின்டர்ஃபான் வழியா வர்றாங்களா, இல்ல வேற ஊர்ல வேற காலத்துல பதிஞ்ச பேரா. பேரு ஒத்துப்போறது சாட்சியே கிடையாது. பழைய தெருவோட அஸ்திவாரம் 1987-ல நகராட்சிக் கட்டடத்துக்குத் தோண்டும்போது வெளிய வந்து, பெரிய போராட்டத்துக்கு அப்புறம் ஒரு பகுதியைக் காப்பாத்தி 1992-ல மியூசியமாத் திறந்தாங்க. எந்த வீடு எந்த அளவு, யாருக்குப் பக்கத்துல யாருங்கிறதையெல்லாம் இப்பக் கல்லோட வச்சுப் பார்க்கலாம்.

பேருக்கான சண்டை முடிஞ்சுடுச்சுன்னும் சொல்ல முடியாது, இப்ப அது வம்சத்துக்குள்ளயே நடக்குது. 2015-ல பாரிஸ்ல ஒரு கிளையோட கம்பெனி ரோத்சைல்ட் அண்ட் கோன்னு பேரை மாத்தினதும் எட்மண்ட் டி ரோத்சைல்ட் குரூப் கோர்ட்டுக்குப் போச்சு, குடும்பப்பேரை ஒருத்தர் மட்டும் எடுத்துக்கக் கூடாதுன்னு. 2018-ல சமரசம் ஆச்சு, ஒருத்தர் கம்பெனியில இன்னொருத்தர் வச்சிருந்த பங்கையெல்லாம் பிரிச்சுக்கிட்டாங்க, ரெண்டு பேர்ல யாருமே பேங்க் தொழில்ல வெறும் ரோத்சைல்ட்னு தனியா போட்டுக்க மாட்டோம், முன்னாடியோ பின்னாடியோ ஏதாவது சேர்த்துத்தான் எழுதுவோம்னு கையெழுத்துப் போட்டாங்க.